எந்தப் பத்து நொடி? லவுபர்ஹோர்ன் பந்தய வாரம், வெங்கனிலிருந்து

புதன்

டிவியில் சுவிட்சர்லாந்தின் லவுபர்ஹோர்ன் டவுன்ஹில் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு வீரரின் இரண்டரை நிமிடமும் முழுசாகக் கிடைக்கும். நேரில் வருகிறவர் கண்ணில் அதே வீரர் படுவது பத்து நொடி, மிஞ்சிப் போனால் இருபது. மீதியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். அதனால் பந்தயம் நடக்கும் மலையூரான வெங்கனுக்குக் கிளம்புமுன் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பத்து நொடி நமக்கு வேண்டும் என்பதுதான். ஹோட்டலும் சீட்டும் காலணியும் அதைப் பொறுத்தே அமையும். வாரத்தில் நான்கு நாள் கையில் இருந்தால் நான்கு இடத்தில் நின்று பார்த்துவிடலாம். இந்தக் குறிப்புகள் அந்தக் கணக்கில்தான் போகும்.

பந்தயத்தை 1930-ல் தொடங்கியவர் எர்ன்ஸ்ட் கெர்ட்ச், வெங்கன்காரர். உலகக் கோப்பை டவுன்ஹில்களில் இதுதான் மிக நீளம். புறப்படும் குடில் 2315 மீட்டர் உயரத்தில், முடிவுக்கோடு 1287 மீட்டரில், நடுவே சுமார் நாலரை கிலோமீட்டர் பனி. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற கிட்ஸ்பூயல் தடமே 3.3 கிலோமீட்டர்தான். நடப்பது ஜனவரி நடுவில், வழக்கமாகக் கிட்ஸ்பூயலுக்கு முந்தைய வாரம். செவ்வாய் முதல் வியாழனுக்குள் டவுன்ஹில் பயிற்சி ஓட்டங்கள், வெள்ளி சூப்பர்-ஜி (டவுன்ஹில்லைவிடக் குட்டை, வளைவுகள் அதிகம்), சனி டவுன்ஹில், ஞாயிறு ஸ்லாலம் (நெருக்கமான கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குவது). அண்மை ஆண்டுகளின் வரிசை இதுதான் என்றாலும் வானிலை பார்த்து நாளை மாற்றுவார்கள். 2024-ல் வியாழனன்றே ஒரு டவுன்ஹில் நடந்தது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குத் தள்ளக் கூடாது. அந்தக் காப்பீட்டில் பனிச்சறுக்கு அடங்குமா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளவும். சறுக்குகிற எண்ணமே இல்லாதவருக்கு இது தேவையில்லை என்று தோன்றும். மேலே போனதும் பலருக்கு மனம் மாறிவிடும்.

சூரிக் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். பெர்னுக்கு ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்டுக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. பகலில் வந்து சேர்கிறவர்கள் பெர்னில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நகரின் மேற்கே ஒய்ரோப்பாபிளாட்ஸில் பல மதங்களின் வழிபாட்டிடங்களை ஒரே கூரையின்கீழ் கொண்ட 'மதங்களின் இல்லம்' இருக்கிறது. அதற்குள் இருக்கும் சைவக் கோயில் இங்குள்ள ஈழத்தமிழர்கள் நடத்துவது. அதே கட்டடத்தில் மதியச் சாப்பாடும் உண்டு, முட்டை பால் கூடச் சேராத சைவம். எந்தெந்த நாள் திறப்பு என்று பார்த்துவிட்டுப் போகவும். அடுத்த நான்கு நாளும் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும்தான்.

இன்டர்லாக்கன் ஓஸ்டில்தான் பலர் தவறுகிறார்கள். இங்கிருந்து மலைப்பள்ளத்தாக்குக்குப் போகும் வண்டி ட்ஸ்வைலூட்ஷினன் என்ற சின்ன நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரிண்டெல்வால்டுக்கு. பெட்டியின் பக்கவாட்டுத் திரையில் எந்த ஊர்ப் பெயர் ஓடுகிறது என்று பார்த்து ஏறவும். "ஒரே வண்டிதானே, எங்கே ஏறினால் என்ன" என்று கிடைத்த கதவில் ஏறியவர் கிரிண்டெல்வால்டில் இறங்குவார். அப்படிப் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கிரிண்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கால் மணி நேரத்தில் ஐகர்கிளெட்ஷருக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து ரயிலில் க்ளைன ஷைடெக் வழியாக வெங்கனுக்கு இறங்கலாம். காசுதான் கூடுதல். கேபிள் கார் மாலையில் நின்றுவிடும் என்பதால் இருட்டிய பிறகு தவறினால் இந்த வழியும் இல்லை. ட்ஸ்வைலூட்ஷினனுக்கே திரும்பி வந்து வண்டி மாற வேண்டும்.

லவுட்டர்புருன்னன் 796 மீட்டர். அதற்கு மேல் சாலை வெங்கனுக்குப் போகாது. காரில் வருகிறவர்களும் இங்கே உள்ள பல அடுக்கு நிறுத்துமிடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான். 1893-ல் வந்த வெங்கர்னால்ப் பல்சக்கர ரயில்பாதையின் அகலம் 800 மில்லிமீட்டர். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மாலை அதன் பொருள் புரியும். கால் மணிக்குள் வெங்கன், 1274 மீட்டர். சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்விஸ் ட்ராவல் பாஸ் வெங்கன் வரை முழுசாகச் செல்லும். அதற்கு மேல் தள்ளுபடி மட்டுமே, தனிச்சீட்டு எடுக்காமல் ஏறிவிடக் கூடாது.

வெங்கனில் தங்க அறை கிடைத்தால் அதுவே பெரிய அதிர்ஷ்டம். அணிகள், தொலைக்காட்சிக் குழுக்கள், ஸ்பான்சர்கள் எல்லாரும் ஊரை நிரப்பிவிடுவார்கள். லவுட்டர்புருன்னன், இன்டர்லாக்கன், தூன், பெர்ன் என்று கீழே இறங்க இறங்க அறையும் கிடைக்கும், விலையும் குறையும். ஆனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் காலை அலாரம் அரை மணி முன்னால் நகரும். நான்கு இரவுக்கும் மேலே இடமில்லை என்றால் வெள்ளி இரவு, சனி இரவு இரண்டை மட்டுமாவது மேலே பிடிக்கப் பாருங்கள்.

வியாழன்

இன்றைய இடம் ஹுண்ட்ஷோப்ஃப். பெயருக்கு நாய்த்தலை என்று பொருள். ஓட்டம் தொடங்கி முக்கால் நிமிடம் வாக்கில் வீரர்கள் வந்து சேரும் பாறை விளிம்பு. சனிக்கிழமை இங்கே நிற்க விடியுமுன் கிளம்ப வேண்டும். பயிற்சி நாளில் சாவகாசமாக வந்தாலும் வேலியோரம் இடம் கிடைக்கும்.

டவுன்ஹில்லுக்குப் பயிற்சி ஓட்டம் விதிப்படி கட்டாயம். ஒன்றாவது நடக்காமல் பந்தயம் வைக்க முடியாது, அதில் இறங்காத வீரர் பந்தயத்திலும் இறங்க முடியாது. அதனால் பெரிய பெயர்கள் எல்லாரையும் இன்றே பார்த்துவிடலாம். நேரப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். பலர் கடைசிப் பகுதியில் வேண்டுமென்றே நிமிர்ந்து நின்று வேகத்தை விட்டுவிடுவார்கள். பயிற்சியில் முப்பதாவதாக வந்தவர் சனியன்று மேடை ஏறுவதெல்லாம் இங்கே சகஜம். தடத்தின் நடுநடுவே எடுக்கும் இடைநேரங்களைப் பாருங்கள், மேற்பகுதியில் யார் வேகம் என்பது அதில் தெரிந்துவிடும்.

போகும் வழி: வெங்கனிலிருந்து மேலே போகும் ரயிலில் வெங்கர்னால்ப் நிலையத்திலோ அடுத்த க்ளைன ஷைடெக்கிலோ இறங்கி, பலகை காட்டும் பாதையில் கிர்ம்ஷ்பீல் பக்கம் நடக்க வேண்டும். மிதித்து மிதித்து இறுகிய பனி. சாதாரண ட்ரெக்கிங் காலணியின் அடிப்பாகம் அதில் பிடிக்காது. காலணிக்கு மேல் ரப்பர் வளையத்தோடு மாட்டிக்கொள்ளும் ஸ்பைக்ஸ் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும். கட்டாயம் வாங்குங்கள். இந்த ஊரில் பார்வையாளருக்கு அடிபடுவது பெரும்பாலும் பந்தயம் முடிந்து இறங்கும்போதுதான். மதிய வெயிலில் இளகிய மேற்பனி நிழல் விழுந்ததும் கண்ணாடியாக உறைந்துவிடும், காலையில் ஏறிய அதே பாதை மாலையில் வேறு பாதை.

குளிரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் வியாழனன்று தவறினால் வெள்ளிக்குள் திருத்திக்கொள்ளலாம். சறுக்குகிறவருக்கும் நடக்கிறவருக்கும் உடம்பே சூடு கொடுக்கும். பார்வையாளர் மூன்று நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறார். அவருக்கு ஒரு அடுக்கு அதிகம் வேண்டும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத உறை. ஜீன்ஸும் பருத்தி பனியனும் அறையிலேயே இருக்கட்டும். ஏறி வரும்போது வியர்த்து நனைந்தால் பருத்தி காயாது, நின்ற பத்தாவது நிமிடத்தில் முதுகு சில்லிடும். மேட்டில் ஏறும்போது ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, இடத்துக்கு வந்ததும் போட்டுக்கொள்வதுதான் வழி.

முதலில் தோற்பது கால். காரணம் காற்று இல்லை, தரை. பனி சூட்டை நேராகப் பாதம் வழியே இழுத்துக்கொள்கிறது. இரண்டு ஜோடி சாக்ஸை இறுக்கமான காலணிக்குள் திணிப்பது நாம் எல்லாரும் செய்கிற தவறு. இறுகியதும் ரத்த ஓட்டம் குறையும், விரல் நுனி முன்னைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், விரல் அசைய இடமுள்ள காலணி, இது போதும். கூடவே ஒரு சின்ன உபாயம்: பழைய யோகா விரிப்பிலோ ஃபோம் பாயிலோ ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்து வந்து அதன்மேல் நில்லுங்கள். நூறு யூரோ காலணி செய்யாததை அந்தத் துண்டு செய்யும். கடைகளில் விற்கும் சூட்டுப் பொட்டலங்களும் நல்லவைதான், ஆனால் அதற்குள் இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்தால்தான் சூடாகும். காற்றே புகாத காலணிக்குள் வைத்துவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை. அறையிலேயே உறையைப் பிரித்து, நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளே வைக்கவும்.

குளிரில் மொபைல் பேட்டரி மளமளவென்று இறங்கும். மொபைலும் பவர்பேங்க்கும் ஜாக்கெட்டின் உட்பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் பூக்கும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மாநிறக்காரர்களுக்கும் உண்டு. தாடைக்கு அடியிலும் மூக்கின் அடிப்புறத்திலும் பூசுங்கள், இங்கே வெயில் கீழிருந்தும் வருகிறது.

ஹுண்ட்ஷோப்ஃப். முதலில் காதில்தான் தெரியும். மேலே எங்கோ மாட்டுமணிச் சத்தம் எழுந்து நம்மை நோக்கி உருண்டு வரும். பிறகு உறைந்த பனியில் இரும்பு விளிம்பு கிழிக்கும் 'கர்ர்ர்'. பாறைக்கும் பாதுகாப்பு வலைக்கும் நடுவே ஒரு வாசல் அகலம்தான் வழி. அதில் ஒரு ஹெல்மெட் தோன்றும், அடுத்த கணம் அவருக்குக் கீழே தரை இருக்காது. அப்போது சத்தமும் நின்றுவிடும். 218 சென்டிமீட்டருக்குக் குறையாத இரண்டு சறுக்குப் பலகைகள் காற்றில் லேசாக நடுங்குவது மட்டும் தெரியும். அப்புறம் 'டப்' என்று இறங்கும் ஓசை. திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த விளிம்பான மிஞ்ச்-காண்டெயில் முதுகு மறைந்துவிடும். டிவி கேமரா இந்தச் சரிவைத் தட்டையாக்கிவிடுகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் ஏன் முதல் முறை வரும் இளம் வீரர்கள் விளிம்புக்கு முன்னால் ஒரு கணம் நிமிர்ந்துவிடுகிறார்கள் என்பது புரியும்.

ஒவ்வொருவரையும் வீடியோ எடுக்க முயல வேண்டாம். முதல் எண் அணிந்தவருக்கு முன்னால் தடத்தைச் சோதிக்கும் முன்னோட்டக்காரர்கள் சிலர் இறங்குவார்கள். படம் பிடித்துப் பழக அவர்கள் போதும்.

வெள்ளி

சூப்பர்-ஜி தடத்தின் மேற்பகுதியை விட்டுவிட்டுக் கீழே தொடங்குகிறது. முடிவது அதே கோட்டில். அதனால் இன்று முடிவிடத்தில், கோட்டுக்குச் சற்று முன்னால் வரும் ட்ஸீல்-எஸ் என்ற இரட்டை வளைவு தெரிகிற பக்கமாக. வெங்கன் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கூட்டம் நாளையைவிடக் குறைவு, பெரிய திரைக்கு நேர் எதிரே நிற்க முடியும்.

சூப்பர்-ஜிக்குப் பயிற்சி ஓட்டம் கிடையாது. காலையில் ஒருமுறை தடத்தின் ஓரமாக மெல்ல வழுக்கிக்கொண்டே இறங்கி, கேட் (வீரர் கடந்தாக வேண்டிய கம்பங்கள்) எங்கே, மேடு எங்கே என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். இப்படித் தடத்தைப் பார்வையிடும் நேரத்தில் வீரர்கள் நடுவழியில் நின்று கண்ணை மூடிக் கையால் வளைவுகளைக் காற்றில் வரைவதைக் காணலாம், டிவியில் அரிதாகவே காட்டுவார்கள். முதலில் இறங்குகிறவர்கள் பாவம், அவர்கள் செய்யும் தவறுதான் மேலே காத்திருப்பவர்களுக்கு ரேடியோவில் பாடமாகப் போகும்.

திரையைப் படிப்பது எளிது. இடைநேரம் பச்சை என்றால் அதுவரை முதலிடத்தில் இருப்பவரைவிட முன்னால், சிவப்பு என்றால் பின்னால். எண்கள் நூறில் ஒரு நொடி வரை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது 28 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். முன்னணிக்காரர்கள் எல்லாரும் முதல் இருபது எண்ணுக்குள் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பலர் சூப் வாங்கக் கிளம்புகிறார்கள். முப்பதுக்கு மேல் எண் அணிந்த ஒருவர் திடீரென்று பச்சை காட்டுவது நடக்கிற காரியம்தான், சூப் காத்திருக்கும்.

ட்ஸீல்-எஸ் கொடூரமானது என்று சொல்வதில் மிகை இல்லை. டவுன்ஹில்லில் இங்கே வரும்போது கால் ஏற்கெனவே இரண்டே கால் நிமிடம் மடங்கிய நிலையில் எரிந்துகொண்டிருக்கும். வேறு தடங்களில் இந்நேரம் பந்தயமே முடிந்திருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு இரு பக்கமும் அடுத்தடுத்து வெட்டித் திருப்ப வேண்டும். 1991-ல் ஆஸ்திரியாவின் இளம் வீரர் கெர்னாட் ரைன்ஸ்டாட்லர் இங்கே விழுந்து இறந்தார். 2024-ல் நார்வேயின் அலெக்ஸாண்டர் ஆமோட் கில்டெ இங்கே நிலை தவறி வலைக்குள் போனார். 2024-25 பருவத்திலிருந்து உலகக் கோப்பையின் வேகப் போட்டிகளான டவுன்ஹில்லிலும் சூப்பர்-ஜியிலும் உடைக்குள் காற்றுப்பை அணிவது கட்டாயம்.

யாராவது விழுந்தால் மேலே மஞ்சள் கொடி காட்டப்படும். அடுத்து வந்துகொண்டிருப்பவர் உடனே நிற்க வேண்டும், அவருக்கு மறு ஓட்டம் உண்டு. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போய், கிழிந்த வலையை மாற்றிக் கட்டி, தடத்தைச் சீர்செய்ய இருபது நிமிடம் ஆகலாம். பார்வையாளருக்குக் குளிர் ஏறுவது இந்த இடைவெளிகளில்தான். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் தசை வேலை செய்தால் ரத்தம் பாதத்துக்குப் போகும். சூடான மசாலா ஒயினான க்ளூவைன் கடைக்குக் கடை கிடைக்கிறது. குடித்ததும் சூடானது போலிருக்கும், தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் வரும் ஏமாற்று அது. உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடும். அறைக்குத் திரும்பும் வழியில் குடியுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரொட்டிமேல் பாலாடைக்கட்டி உருக்கிய கேஸ்ஷ்னிட்டெயில் பல இடங்களில் அடியில் ஹாம் இருக்கும், ரொட்டியை வெள்ளை ஒயினில் நனைப்பதும் உண்டு. மக்ரோனியும் உருளைக்கிழங்கும் கலந்த எல்ப்ளர்மக்ரோனனில் பன்றிக் கொழுப்புத் துண்டு சேர்ப்பார்கள். "ஓனே ஃப்லைஷ்" என்றால் இறைச்சி இல்லாமல். "ஓனே ஷிங்கன், ஓனே ஷ்பெக்" (ஹாம் இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று பெயர் சொல்லிக் கேட்பது இன்னும் உறுதி. உருக்கிய பாலாடைக்கட்டியை உருளைக்கிழங்கோடு தரும் ராக்லெட் பெரும்பாலும் பாதுகாப்பு. பல கடைகளில் ட்விண்ட் என்ற சுவிஸ் மொபைல் கட்டணத்துக்கான பலகை தொங்கும், வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கு அது வேலை செய்யாது. கார்டோடு கொஞ்சம் ஃப்ராங்க் நோட்டும் வைத்துக்கொள்ளவும்.

சனி

பந்தயம் வழக்கமாகப் பகல் பன்னிரண்டரை வாக்கில். ஆனால் நாள் தொடங்குவது இருட்டில். இன்று ஒரே நாளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்த ஆண்டுகள் உண்டு. அத்தனை பேரும் அந்த 800 மில்லிமீட்டர் பாதையில்தான் ஏற வேண்டும். கிரிண்டெல்வால்ட் பக்கத்திலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸில் வந்து மேலிருந்து இறங்குவது ஒரு மாற்று வழி. பந்தயச் சீட்டையும் ரயில் சீட்டையும் முன்கூட்டியே மொபைலில் இறக்கி வைத்துவிடுங்கள். கூட்டத்தில் இன்டர்நெட் படுத்துவிடும்.

இன்றைய இடம் கெர்னன்-எஸ். வெங்கர்னால்ப் நிலையத்திலிருந்து போகலாம். ஹுண்ட்ஷோப்ஃபைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம், அங்கே திகில் இருக்கிறது. யார் வெல்வார் என்பது முடிவாவது இங்கே. முன்பு ப்ரூக்லி-எஸ் என்று பெயர். 1997-ல் சுவிஸ் வீரர் புரூனோ கெர்னன் இங்கே விழுந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மலையில் அசுர வேகத்தில் வருகிறவர் குறுகலான பாதையில் ஒரு பக்கம் திரும்பி, மூச்சு விடுமுன் மறுபக்கம் திரும்பியாக வேண்டும். எவ்வளவு வேகத்தை உள்ளே கொண்டுவருகிறார் என்பது முக்கியமில்லை, எவ்வளவை வெளியே கொண்டுபோகிறார் என்பதே கணக்கு. ஏனென்றால் அடுத்து வருவது வாஸர்ஸ்டேஷன், லாங்கன்ட்ரேயன் என்ற சரிவு குறைந்த நீளப் பகுதி. அங்கே உடம்பை முட்டையாகச் சுருட்டி வழுக்கிக்கொண்டே போவதைத் தவிர வீரர் செய்ய ஒன்றுமில்லை. வளைவில் பலகை ஒரு கை அகலம் பக்கவாட்டில் நழுவினால் பனித்தூள் விசிறியாக எழும்பும். அந்த விசிறியின் அளவைப் பாருங்கள். பெரிசாக எழுந்தால் அடுத்த இடைநேரம் சிவப்பு என்று திரைக்கு முன்பே சொல்லிவிடலாம். மெல்லிய கோடாகத் தெறித்தால் அந்த ஆள் ஆபத்தானவர். சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் 2024-லும் 2025-லும் இந்த டவுன்ஹில்லை வென்றவர். அவர் ஓட்டத்தைப் பழைய பதிவில் பார்த்தாலும் இந்த இடத்தில் நிறுத்தி மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாஸர்ஸ்டேஷனில் இன்னொரு விநோதம், தடம் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து போகிறது. உலகக் கோப்பைத் தடங்களில் இப்படி வேறெங்கும் இல்லை. மேலே வண்டி, கீழே மனிதன், வேகத்தில் மனிதன்தான் முன்னால். அதற்கும் கீழே ஹானெக்-ஷுஸ் என்ற செங்குத்துச் சரிவு. 2013-ல் பிரான்ஸின் யோஹன் கிளாரே அங்கே 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அங்கே போய் நிற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒருமுறை நிற்கலாம். ஒரு சீறல், ஒரு நிறம், அவ்வளவே. யார் போனார் என்று பக்கத்திலிருப்பவரைத்தான் கேட்க வேண்டும். ஓஸ்டர்ரைஹர்லோஹ், அதாவது ஆஸ்திரியர் பள்ளம், 1954-ல் ஆஸ்திரிய வீரர்கள் வரிசையாக விழுந்த இடம். சுவிஸ்காரர்கள் அந்தப் பெயரை விடாமல் வைத்திருப்பதில் கொஞ்சம் குறும்பும் உண்டு. முழுத்தடத்தின் சாதனை 2 நிமிடம் 24.23 நொடி, இத்தாலியின் கிறிஸ்டியன் கெடினா, 1997.

பந்தயத்துக்கு முன் வானம் தெளிவாக இருந்தால் சுவிஸ் விமானப்படையின் பட்ரூய் சுவிஸ் குழு ஆறு எஃப்-5 விமானங்களோடு ஐகர் மலையின் செங்குத்துச் சுவருக்கு முன்னால் பறப்பது வழக்கம். குழந்தைகளோடு வருகிறவர்கள் காதுமூடி கொண்டுவரவும். தோளில் நுகம்போல் மாட்டிக்கொண்டு பெரிய மாட்டுமணிகளை ஆட்டிவரும் ட்ரைஹ்லர் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் பெரியவர்களுக்கும் தேவைப்படும்.

வானிலை சொதப்புவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து. காற்று, மூடுபனி, புதுப்பனி மூன்றில் ஏதாவது ஒன்று போதும். மேலே காற்று என்றால் புறப்படும் இடத்தைக் கீழே இறக்கித் தடத்தைக் குறுக்குவார்கள். அப்போது ஹுண்ட்ஷோப்ஃபிலோ அதற்கு மேலோ காலையிலிருந்து இடம் பிடித்தவர்கள் முன்னால் யாருமே வராமல் போகலாம். பயணத்தை ஒரே ஒரு பந்தய நாளை நம்பி அமைக்கக் கூடாது என்பதற்கு 2017 சாட்சி. பனி கொட்டியதில் அந்த ஆண்டு டவுன்ஹில்லே ரத்தாயிற்று. ரத்தானால் பணம் திரும்புமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே நிபந்தனையில் படித்துவிடவும்.

இனி அந்த 800 மில்லிமீட்டர். பந்தயம் முடிந்ததும் முப்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப நினைப்பார்கள். வெங்கன் நிலையத்துக்கு வெளியே வரிசை ஊருக்குள் நீளும். இரண்டு வழிதான் உண்டு. முப்பதாவது எண் இறங்கியதும் கிளம்பிவிடுவது ஒன்று. பரிசளிப்பையும் தெருக் கொண்டாட்டத்தையும் பார்த்து, நிதானமாகச் சாப்பிட்டு, இருட்டிய பிறகு இறங்குவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் போய் வரிசையில் மாட்டிக்கொண்டால் வியர்வை காய்ந்த உடம்போடு ஒரு மணிக்கும் மேல் நிற்க வேண்டிவரும். லவுட்டர்புருன்னனுக்கு நடைபாதை இருக்கிறதே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். செங்குத்தாக ஐந்நூறு மீட்டருக்கு அருகில் இறங்கும் பாதை, உறைபனியில், இருட்டில். வேண்டாம்.

ஞாயிறு

ஸ்லாலம் நாளில்தான் அந்தப் பத்து நொடிப் பிரச்சினை இல்லை. முடிவிடத்தில் நின்றால் சரிவின் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டும். தடம் வேறு, பலகைகளும் வேறு, 165 சென்டிமீட்டர்தான். நேற்றுவரை காற்றோடு மல்லுக்கட்டியவர்களின் இடத்தில் இன்று வேறு ஆட்கள். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வரும் கம்பங்களை முன்கையாலும் தாடைக்காப்பாலும் அடித்துச் சாய்த்துக்கொண்டே வருவார்கள், 'டக் டக் டக்' என்று தாளம் போலக் கேட்கும். தாளம் தப்பினால் கண்ணால் பார்க்காமலே தவறு நடந்தது தெரியும்.

காலையில் முதல் ஓட்டம், மதியம் இரண்டாவது. முதல் ஓட்டத்தில் முதல் முப்பது பேருக்குள் வந்தவர்கள் மட்டும் இரண்டாவதில், அதுவும் தலைகீழ் வரிசையில். முப்பதாவது ஆள் முதலில் இறங்குவார், முதலாமவர் கடைசியில். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு கொடுமையும் இருக்கிறது. முப்பதாவது ஆளுக்குப் புத்தம்புதுப் பனி கிடைக்கிறது. முதலாமவருக்கு இருபத்தொன்பது பேர் உழுதுபோட்ட குழிகள். பனி இளகிய நாளில் தடத்தில் உப்புத் தூவுவார்கள், உப்பு பனியை உருக்கும்போது சுற்றிலும் உள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால் மேற்பரப்பு மறுபடி இறுகும். அப்படி இறுகாத நாளில் பின்னாலிருந்து ஒருவர் பத்துப் பதினைந்து இடம் தாவி மேடையேறுவது நடக்கும். இடைவேளையில் ஊருக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவரப் போதுமான நேரம் உண்டு.

இன்றே சூரிக்கில் விமானம் என்றால் இரவு பத்து மணிக்கு முன்னால் கிளம்புவதை எடுக்காதீர்கள். பெட்டியைக் காலையிலேயே வெங்கனிலிருந்து இறக்கி லவுட்டர்புருன்னன் நிலையத்துப் பெட்டக அறையில் போட்டுவிட்டால் மாலை வரிசையில் கை இரண்டும் காலியாக இருக்கும். பெட்டகங்கள் குறைவு, பெரிய பெட்டிக்கானவை சீக்கிரம் நிரம்பிவிடும். ரயிலில் ஏறுமுன் காலணி ஸ்பைக்ஸைக் கழற்றுங்கள். ரயில் பெட்டியின் வழவழப்பான தரையில் அவை பனியைவிட மோசமாக வழுக்கும். இன்டர்லாக்கன் நோக்கித் திரும்பும்போது ட்ஸ்வைலூட்ஷினனில் வண்டிகள் ஒன்றாகச் சேரும், பிரிவதில்லை. எந்தப் பாதியில் உட்கார்ந்தாலும் சரி.